கீழே இறங்கினால் கிழக்கு

போன மாதம் ஒரு கேள்விக்குப் பதில் எழுதும்போது, கிழக்கு என்ற சொல்லுக்குள்ளேயே கீழ் என்ற சொல் இருக்கிறது என்று ஒரே ஒரு வரி எழுதியிருந்தேன். அந்த ஒரு வரியைப் பிடித்துக்கொண்டு வந்த கடிதங்கள்தான் இந்த மாதம் முழுவதும். எனக்கு மிகவும் பிடித்த விஷயம் என்பதால் இடத்தைப் பற்றிக் கவலைப்படாமல் எழுதுகிறேன்.

கேள்வி: என் மகள் ஐந்தாம் வகுப்பு படிக்கிறாள். வரைபடத்தில் வடக்குதான் மேலே இருக்கிறது, கிழக்கு வலது பக்கம் இருக்கிறது, அப்புறம் எப்படிக் கிழக்கு ‘கீழ்’ ஆகும் என்று கேட்கிறாள். என்ன சொல்ல? (தென்காசி வாசகி)

வரைபடத்தைக் கொஞ்ச நேரம் மறந்துவிட்டு மகளை மொட்டை மாடிக்குக் கூட்டிப்போங்கள் அம்மா. உங்கள் ஊரைப்போல இதை விளக்க வசதியான ஊர் வேறு கிடைக்காது. மேற்கே திரும்பினால் குற்றால மலை சுவர் மாதிரி நிற்கும். அங்கே அருவியாக விழுகிற சிற்றாறு உங்கள் ஊரைத் தொட்டுக்கொண்டு கிழக்கே ஓடி, சீவலப்பேரி பக்கத்தில் தாமிரபரணியோடு சேர்ந்து, புன்னைக்காயலில் கடலுக்குப் போய்விடுகிறது. தண்ணீர் எந்தப் பக்கம் ஓடுகிறது, ஏன் அந்தப் பக்கம் ஓடுகிறது என்று கேளுங்கள். மலைப்பக்கம் மேடு, கடல் பக்கம் பள்ளம் என்று அவளே சொல்லிவிடுவாள். மேடான பக்கம் மேல், அதனால் மேற்கு. பள்ளமான பக்கம் கீழ், அதனால் கிழக்கு. அவ்வளவுதான் விளக்கம்.

வரைபடத்தில் வடக்கை மேலே வைப்பது ஒரு பழக்கம் மட்டுமே. 1154இல் அல் இத்ரீசி என்ற அரபு அறிஞர் வரைந்த உலகப் படத்தில் தெற்குதான் மேலே. இடைக்கால ஐரோப்பாவில் கிறித்தவத் துறவிகள் வரைந்த படங்கள் பலவற்றில் கிழக்கு மேலே. நம் ஆட்கள் இந்தச் சொற்களை உண்டாக்கியபோது தாளும் இல்லை, படமும் இல்லை, காலுக்குக் கீழே சாய்ந்து கிடக்கிற நிலம்தான் இருந்தது.

இன்னும் கொஞ்சம் உள்ளே போகலாம். மேல், கீழ், வட, தென் என்ற நாலு அடிச்சொற்களோடும் ‘கு’ சேர்ந்திருப்பதைக் கவனியுங்கள். ஊருக்கு, வீட்டுக்கு என்கிறோமே, அந்தக் கு. மேற்கு என்றால் மேலுக்கு, கிழக்கு என்றால் கீழுக்கு. அதாவது இவை முதலில் திசைக்கு வைத்த பெயர்கள் இல்லை, ‘மேலே போற பக்கம்’, ‘கீழே இறங்குற பக்கம்’ என்று வழி சொன்ன சொற்கள். இது என் கற்பனை இல்லை என்பதற்கு இரண்டு சாட்சிகள் இருக்கின்றன.

ஒன்று திருக்குறள், 488ஆவது குறள். “செறுநரைக் காணின் சுமக்க இறுவரை காணின் கிழக்காம் தலை.” பகைவனைப் பார்த்தால் இப்போதைக்குப் பொறுத்துக்கொள், அவனுக்கு முடிவுகாலம் வரும்போது அவன் தலை தானே கீழே விழும் என்கிறார் வள்ளுவர். இந்தக் ‘கிழக்காம் தலை’யில் திசையே கிடையாது. தலைகீழாக விழுவதுதான் அங்கே கிழக்கு. இன்னொன்று குறுந்தொகையில் வருகிற ‘மேக்கெழு பெருஞ்சினை’, மேல்நோக்கி எழுந்த பெரிய கிளை. வேங்கை மரத்தின் உயர்ந்த கிளையில் மயில் உட்கார்ந்திருக்கிற காட்சி அது. இங்கே மேக்கு என்றால் மேலே. இப்போது உங்கள் பக்கத்துப் பாட்டிகள் பேசுவதைக் காது கொடுத்துக் கேளுங்கள், ‘மேக்க போ’, ‘கெழக்க திரும்பு’ என்பார்கள். அந்த மேக்குதான் இந்த மேக்க. மேலே என்ற பொருள் கழன்று, மேற்கு என்ற பொருள் மட்டும் பாட்டியின் வாயில் நின்றுவிட்டது. எனக்கு இதை முதலில் கவனித்தபோது உடம்பு சிலிர்த்தது, இன்றும் அந்தப் பாட்டைப் படிக்கும்போதெல்லாம் சிலிர்க்கிறது.

நிலத்தைப் பார்த்தாலும் இதுவே தெரியும். பட்டினப்பாலை காவிரியை ‘மலைத்தலைய கடற்காவிரி’ என்கிறது. தலை மலையில், முடிவு கடலில். குடகு மலையிலிருந்து ஏறத்தாழ 800 கிலோமீட்டர் ஓடி வருகிற ஆற்றை இரண்டே சொல்லில் சாய்த்துக் காட்டிய வரி அது. 19ஆம் நூற்றாண்டில் ஆர்தர் காட்டன் அந்த ஆற்றின் கிளையான கொள்ளிடத்தில் கட்டிய இரண்டு அணைகளில் முக்கொம்பில் இருப்பதை மேலணை என்கிறோம், அணைக்கரையில் இருப்பதைக் கீழணை என்கிறோம். தண்ணீர்க் கணக்கில் பார்த்தாலும் அது மேல் இது கீழ், திசைக் கணக்கில் பார்த்தாலும் அது மேற்கு இது கிழக்கு. கொடைக்கானல்காரர்களைக் கேளுங்கள், மேல்மலை, கீழ்மலை என்று பிரித்துச் சொல்வார்கள். உயரம் கூடிய மேல்மலை மேற்கில் இருக்கிறது, உயரம் குறைந்த கீழ்மலை கிழக்கில் இருக்கிறது.

எல்லா இடத்திலும் இது பொருந்திவிடாது. பொள்ளாச்சிப் பக்கம் ஆழியாறு பாலக்காட்டுக் கணவாய் வழியாகக் கேரளத்துக்குள் போய் பாரதப்புழையில் கலக்கிறது, அங்கே தண்ணீர் மேற்கே இறங்குகிறது. ஆனால் பாலாறு, தென்பெண்ணை, காவிரி, வைகை, தாமிரபரணி என்று பெரிய ஆறுகளை வரிசையாக எடுத்தால், நாடு மொத்தமும் ஒரே பக்கம் சாய்ந்திருக்கிறது. ஒரு சொல் நிலைக்க அது போதும்.

சூரியன் கீழிருந்து எழுவதால்தான் கிழக்கு என்று சிலர் சொல்வதுண்டு. கேட்க நன்றாக இருக்கிறது, ஆனால் சூரியன் போய்க் கீழே மறைகிற பக்கத்துக்கு மேல் என்று பெயர் வந்ததை அந்த விளக்கத்தால் சொல்ல முடியவில்லை. நிலச்சரிவு விளக்கம் இரண்டு சொல்லையும் ஒரே மூச்சில் விளக்குகிறது, நான் அதன் பக்கம்தான்.

கேள்வி: அப்படியானால் எங்கள் கோட்டயத்தில் மலை கிழக்கே இருக்கிறது, கடல் மேற்கே இருக்கிறது. மலையாளிகளும் கிழக்கு என்றுதானே சொல்கிறார்கள்? (கேரளத்தில் வேலை பார்க்கும் வாசகர்)

இந்தக் கேள்விக்காகத்தான் காத்திருந்தேன் என்றே சொல்லலாம். நீங்கள் கேட்டதை 1856இல் வெளிவந்த திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணத்தில் கால்டுவெல் எடுத்துப் பேசியிருக்கிறார். மலைக்கு மேற்கே வாழ்கிறவர்களுக்குக் கிழக்குதான் மேடு. அவர்கள் தாங்களாகவே சொல்லை உண்டாக்கியிருந்தால் மேட்டுப் பக்கத்துக்குக் கீழ் என்று பெயர் வைத்திருக்கவே மாட்டார்கள். ஆகவே மலைக்கு இந்தப்பக்கம் பிறந்த சொல்தான் மலை தாண்டி அங்கே போயிருக்கிறது என்பது அவர் வாதம். அதை வைத்து அவர் மலையாளம் தமிழிலிருந்து கிளைத்தது என்ற முடிவுக்கும் போனார், அந்தப் பெரிய சண்டைக்குள் நான் இப்போது போகவில்லை. சொல் கிழக்கே பிறந்து மேற்கே போனது என்ற அளவில் அவர் சொன்னது எனக்குச் சரியாகவே படுகிறது.

மழைக்காலத்தில் நீங்களே ஒரு சொல்லைக் கேட்டிருப்பீர்கள், ‘கிழக்கன் வெள்ளம்’. மலையில் பெய்த மழை ஆறுகளில் இறங்கி, கடல் மட்டத்துக்கும் தாழ்வாகக் கிடக்கிற குட்டநாட்டு வயல்களுக்குள் வந்து புகுவதற்கு அங்கே அதுதான் பெயர். சொல்லைப் பிரித்துப் பாருங்கள். மேலே இருந்து இறங்கி வருகிற தண்ணீருக்குப் பெயரில் கீழ் இருக்கிறது! பேசுகிறவர்கள் யாருக்கும் அது உறுத்தாது, ஏனென்றால் அந்தச் சொல்லுக்குள் இருந்த பள்ளம் எப்போதோ தூர்ந்துபோய் வெறும் திசைப்பெயர் மட்டும் மிஞ்சிவிட்டது.

மேற்குக்கு மலையாளத்தில் படிஞ்ஞாறு என்கிறார்கள். அது படுஞாயிறு, ஞாயிறு படுகிற, அதாவது மறைகிற பக்கம். கடலில் சூரியன் இறங்குவதைத் தினமும் பார்க்கிற மக்களுக்கு அதைவிடப் பொருத்தமான சொல் கிடையாது. திருவனந்தபுரத்தில் பாருங்கள், ஒரு பக்கம் கிழக்கேக்கோட்டை, இன்னொரு பக்கம் படிஞ்ஞாறேக்கோட்டை. ஒரே கோட்டையின் இரண்டு வாசல்களில் ஒன்றுக்கு நிலத்தை வைத்துப் பெயர், மற்றதற்குச் சூரியனை வைத்துப் பெயர்.

இந்த மாதிரி வேறு எங்காவது நடந்திருக்கிறதா என்று தேடியபோது இரண்டு இடங்கள் மனதில் ஒட்டிக்கொண்டன. எகிப்தில் நைல் தெற்கிலிருந்து வடக்கே ஓடுகிறது, அதனால் அவர்களுக்குத் தெற்குப் பகுதிதான் மேல் எகிப்து, வடக்குப் பகுதி கீழ் எகிப்து. சுமார் 3500 ஆண்டுகளுக்கு முன்னால் முதலாம் துத்மோஸ் என்ற அரசனின் படை யூப்ரட்டீஸ் ஆறு வரை போனது. அந்த ஆறு தெற்கு நோக்கி ஓடுகிறது. தெற்கு என்றாலே எதிர்நீச்சல் என்று பழகிப்போனவர்கள் அதைப் பார்த்து அசந்துபோய், எதிர்நோக்கிப் போவதிலேயே நீரோட்டத்தோடு போகிற தலைகீழ்த் தண்ணீர் என்ற பொருளில் கல்வெட்டில் பொறித்து வைத்தார்கள். இன்னொன்று பாலித் தீவு. அங்கே கஜா என்றால் மலைப்பக்கம், கெலொட் என்றால் கடல் பக்கம். தீவின் நடுவில் மலை இருப்பதால், தெற்கே குடியிருப்பவருக்குக் கஜா வடக்கு, வடக்கே குடியிருப்பவருக்கு அதே கஜா தெற்கு. பாலியில் சொல் மலையை விடாமல் பிடித்துக்கொண்டது. நம் கிழக்கு மலையைக் கைவிட்டுச் சூரியனோடு போய்விட்டது. மலை தாண்டிப் போவதற்கு முன்பே அது முழுத் திசைப்பெயராக முற்றிவிட்டிருந்தால்தான் இப்படி நடந்திருக்கும் என்பது என் எண்ணம்.

கேள்வி: எங்கட மட்டக்களப்பில எழுவான்கரை, படுவான்கரை என்று சொல்லுவம். இதுகளும் திசைச் சொல்தானா? (மட்டக்களப்பு வாசகர்)

திசைச் சொல்தான் ஐயா, அதிலும் மிக அழகான சொற்கள். வாவிக்கு, அதாவது உங்கள் ஊர்க் காயலுக்குக் கிழக்கே, கடலுக்கும் வாவிக்கும் நடுவில் கிடக்கிற கரை சூரியன் எழுகிற பக்கம், அதனால் எழுவான்கரை. வாவிக்கு மேற்கே வயலும் காடுமாக விரிகிற கரை சூரியன் படுகிற பக்கம், அதனால் படுவான்கரை. தோணியில் வாவியைக் கடக்கிற ஒருவர் காலையில் ஒரு கரையிலும் மாலையில் மறு கரையிலும் சூரியனைப் பார்த்து வைத்த பெயர் என்று நினைத்துக்கொள்கிறேன். மேல் கீழ் என்று சொல்ல அந்தத் தட்டையான நிலத்தில் எதுவுமில்லை, சூரியன் இருந்தது.

கன்னடமும் துளுவும் இதே வழியில் போனவை. கன்னடத்தில் கிழக்கு மூடண, அதாவது எழுகிற பக்கம். மேற்கு படுவண, படுகிற பக்கம். தென்கன்னட மாவட்டத்து மூடபிதிரி கிழக்கு மூங்கில், உடுப்பிப் பக்கத்துப் படுபிதிரி மேற்கு மூங்கில். தெற்கும் வடக்கும் மட்டும் நம்மோடு ஒட்டியே நிற்கின்றன, தெங்கண, படகண. நம் வ அங்கே ப ஆகிவிடும். அவர்களுடைய யக்ஷகானக் கூத்தில் தெங்குதிட்டு, படகுதிட்டு என்று இரண்டு பாணி உண்டு, தெற்குப் பாணி, வடக்குப் பாணி. நீலகிரியில் வாழ்கிற படகர் என்ற பெயருக்கும் வடக்கிலிருந்து வந்தவர் என்றே பொருள். சங்கப் பாடல்களில் தெலுங்கு பேசுகிறவர்களை வடுகர் என்று சொல்வதும் இதே கதைதான்.

தென், வட என்ற இரண்டையும் இந்த மொழிகள் பங்கு போட்டுக்கொண்டு, கிழக்கு மேற்கில் மட்டும் ஆளுக்கொரு வழி போனதைப் பாருங்கள். அவரவர் வாசலில் நின்று பார்த்தால் எது கண்ணில் பட்டதோ, அதுவே பெயராகியிருக்கிறது.

கேள்வி: குணக்கு, குடக்கு என்று பாடத்தில் வருகிறது. கிழக்கு, மேற்கு இருக்கும்போது இவை எதற்கு? (கல்லூரி மாணவி, கோவை)

மூத்தவர்கள் அவர்கள்தான். சங்கப் பாடல்களில் இந்த இரண்டு திசைகளுக்குப் பெரிதும் வருவது குணக்கும் குடக்கும். புறநானூற்று ஆறாம் பாட்டைக் கொஞ்சம் வாய்விட்டுப் படித்துப் பாருங்கள்.

“வடாஅது பனிபடு நெடுவரை வடக்கும்
தெனாஅது உருகெழு குமரியின் தெற்கும்
குணாஅது கரைபொரு தொடுகடற் குணக்கும்
குடாஅது தொன்றுமுதிர் பௌவத்தின் குடக்கும்”

பாண்டியன் முதுகுடுமிப் பெருவழுதியின் புகழ் பரவ வேண்டிய எல்லையைக் காரிகிழார் சொல்கிறார். வடக்கே பனிமலை, தெற்கே குமரி, கிழக்கே ஒரு கடல், மேற்கே இன்னொரு கடல். வடாஅது, தெனாஅது என்று அவர் இழுக்கிற இழுப்பிலேயே தூரம் தெரிகிறது, கையை நீட்டி ‘அதோ அங்கே’ என்று சொல்கிற மாதிரி.

பேச்சிலிருந்து அவை போய்விட்டாலும் ஊர்ப்பெயர்களில் ஒட்டிக்கொண்டிருக்கின்றன. உங்கள் ஊருக்கு வடமேற்கே இருக்கிற குடகு அந்தக் குடக்குதான், காவிரி பிறக்கிற மலையைப் பழைய பாடல்கள் குடமலை என்றே சொல்கின்றன. திருவாரூர் மாவட்டத்துக் குடவாசல் பழைய குடவாயில், மேற்கு வாசல். சிலப்பதிகாரத்துப் பதிகத்தில் இளங்கோவடிகள் துறவியாக இருந்த இடம் குணவாயிற்கோட்டம், அதில் இருப்பது கிழக்கு வாசல்.

கீழ், மேல் வந்து உட்கார்ந்த ஊர்களும் ஏராளம், கீழக்கரை, மேலப்பாளையம், மதுரையில் கீழமாசி வீதி, மேலமாசி வீதி. இதில் ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். கீழத்தெரு என்ற பெயரைக் கேட்டதும் அங்கே இருப்பவர்களை மட்டமாக நினைக்கிற ஒரு கெட்ட பழக்கம் நம் ஊர்களில் இருக்கிறது, வெளியூரிலிருந்து வந்த படித்தவர்கள்கூட அப்படிப் பேசி நான் கேட்டிருக்கிறேன். அந்தக் கீழ் திசை. ஊருக்குக் கிழக்கே இருக்கிற தெரு, அதற்கு மேல் ஒரு பொருளும் அந்தச் சொல்லில் கிடையாது. சென்னையில் ஓலைச்சுவடிகளைக் காக்கிற நூலகத்தின் பெயர் கீழ்த்திசைச் சுவடிகள் நூலகம். அந்தச் சுவடிகளை யாராவது மட்டம் என்று சொல்வார்களா? தெருவுக்கும் அதே மரியாதை வேண்டும்.

கேள்வி: பூர்வ திசை என்றால் கிழக்கு, பூர்வீகம் என்றால் பழமை. இரண்டும் ஒரே சொல்லா? (திருச்சி வாசகர்)

ஒரே சொல்தான். பூர்வ என்றால் வடமொழியில் முன். காலத்தில் முன்னால் இருந்தது பூர்வீகம், முகத்துக்கு முன்னால் இருப்பது கிழக்கு. காலையில் சூரியனைப் பார்த்து நிற்கிற ஒருவரை வைத்து அங்கே திசைகளுக்குப் பெயர் வந்திருக்கிறது. முன்னால் பூர்வம், முதுகுப் பக்கம் பச்சிமம், வலக்கைப் பக்கம் தட்சிணம். இந்தத் தட்சிணம்தான் தேய்ந்து தக்காணம் ஆனது. வடக்குக்கு உத்தரம் என்றார்கள், அதற்கு உயர்ந்தது என்றும் பொருள் உண்டு, இமயம் அந்தப் பக்கம்தானே இருக்கிறது.

எபிரேயத்தில் கெதெம் என்ற சொல்லுக்கு முன்பக்கம், கிழக்கு, பழங்காலம் என்ற மூன்று பொருளும் உண்டு. பூர்வத்துக்கு அச்சு அசல் இரட்டைப்பிள்ளை. அந்த மொழியிலும் தெற்குக்கு வலக்கைதான், யாமின். அரபியில் வடக்கைக் குறிக்கிற ஷமால் இடப்பக்கத்தைக் குறிக்கிற சொல்லின் உறவு. ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத இரண்டு மொழிக் குடும்பங்கள், இரண்டிலும் மனிதன் காலையில் எழுந்து ஒரே பக்கம் திரும்பி நின்றிருக்கிறான். தமிழில் திசைக்குப் பெயர் வைத்தவர் தன் கையை அளவாக வைத்துக்கொள்ளவில்லை, காலடி நிலத்தை வைத்துக்கொண்டார்.

கேள்வி: வடக்கிருத்தல் என்றால் வடக்குத் திசை உயர்ந்ததா, தென்புலத்தார் என்றால் தெற்கு உயர்ந்ததா? (சேலம் வாசகி)

உயர்வு தாழ்வு எதற்கு அம்மா. கோப்பெருஞ்சோழன் பெற்ற பிள்ளைகளே எதிர்த்து நின்ற வேதனையில் வடக்கு நோக்கி உண்ணாமல் உட்கார்ந்தான், நேரில் பார்த்தே இராத பிசிராந்தையார் தேடி வந்து அவனோடு சேர்ந்து உயிர்விட்டார். அது வடக்கு. குடும்பத்தில் இறந்துபோன முன்னோர்களை வள்ளுவர் தென்புலத்தார் என்று சொல்லி, நாம் பேண வேண்டியவர்களில் முதலாவதாக வைக்கிறார். அது தெற்கு. இரண்டு திசையிலும் இறப்பு இருக்கிறது, இரண்டிலும் அன்பும் இருக்கிறது.

கேள்வி: கடலுக்குப் போகிற என் அப்பா காற்றுக்கெல்லாம் தனித்தனிப் பெயர் சொல்வார். அவை திசைப் பெயர்களா? (தூத்துக்குடி வாசகர்)

ஆமாம், திசையும் பருவமும் சேர்ந்த பெயர்கள். வடக்கிலிருந்து வருவது வாடை, தெற்கிலிருந்து வருவது தென்றல், கிழக்கிலிருந்து வருவது கொண்டல், மேற்கிலிருந்து வருவது கோடை. கொண்டல் என்றால் மேகமும்தான், கிழக்குக் கடலிலிருந்து மழை கொண்டு வருகிற காற்றுக்கு அந்தப் பெயர் பொருத்தம். மலையில் ஈரத்தையெல்லாம் இறக்கிவிட்டு வறண்டு இறங்குகிற மேல்காற்றுக்குக் கோடை. ஆடி மாதம் ஆரல்வாய்மொழிக் கணவாயில் புகுந்து வருகிற அந்தக் காற்றை நம்பித்தான் முப்பந்தலில் காற்றாலைகள் நிற்கின்றன. மேல்காற்றைக் கச்சான் என்றும் தென்காற்றைச் சோழகம் என்றும் சொல்வதுண்டு, ஈழத்துக் கரையில் இரண்டும் நன்றாகவே வழக்கில் இருக்கின்றன. அப்பா சொல்கிற பெயர்களை அவர் எந்த மாதத்தில் எந்தக் காற்றுக்குச் சொல்கிறார் என்பதோடு ஒரு நோட்டில் எழுதி வையுங்கள், தயவுசெய்து தள்ளிப்போடாதீர்கள். அவருக்குத் தெரிந்த அளவு அகராதிக்குத் தெரியாது.

கேள்வி: தாத்தாவின் பத்திரத்தில் ‘வாய்க்காலுக்கு மேற்கு’ என்று இருக்கிறது. ஆனால் நிலத்துக்குப் போய்ப் பார்த்தால் மேற்கே வாய்க்காலே இல்லை, கிழக்கேதான் ஓடுகிறது. பத்திரம் தப்பா? (பாபநாசம் வாசகர், தஞ்சை மாவட்டம்)

பத்திரம் சரியாக இருக்கிறது, படிக்கிற முறைதான் மாற வேண்டும். எங்கள் குடும்பத்தில் இதே குழப்பத்தில் அண்ணன் தம்பி இரண்டு பேர் இரண்டு வருடம் பேசாமல் இருந்தார்கள், அதனால் இதைப் பொறுமையாகவே எழுதுகிறேன்.

செக்குபந்தியில், அதாவது நான்கெல்லை எழுதுகிற பகுதியில், உங்கள் நிலம் எதற்கு எந்தப் பக்கம் இருக்கிறது என்றுதான் எழுதுவார்கள். ‘வாய்க்காலுக்கு மேற்கு’ என்றால் வாய்க்காலில் நின்று பார்க்கும்போது உங்கள் நிலம் மேற்கே இருக்கிறது. அப்படியானால் நிலத்தில் நின்று பார்க்கும்போது வாய்க்கால் கிழக்கே இருக்கும், நீங்கள் பார்த்ததும் அதைத்தான். இதே மாதிரி ‘வண்டிப்பாதைக்கு வடக்கு’ என்றால் பாதை உங்களுக்குத் தெற்கே. ‘களத்துமேட்டுக்குக் கிழக்கு’ என்றால் களம் உங்களுக்கு மேற்கே. ‘ஏரிக்கரைக்குத் தெற்கு’ என்றால் கரை உங்களுக்கு வடக்கே. கடைசியில் ‘இதன் மத்தியில்’ என்று வரும் பாருங்கள், அந்த மத்திதான் உங்கள் நிலம்.

இந்த எழுத்து முறை சோழர் காலத்திலிருந்து வருகிறது. கோயில் சுவர்க் கல்வெட்டுகளில் கொஞ்சம் கூடுதல் தெளிவாகவே எழுதினார்கள், ‘கீழ்பாற்கெல்லை வாய்க்காலுக்கு மேற்கும், தென்பாற்கெல்லை வதிக்கு வடக்கும்’ என்கிற பாணியில். கிழக்கு எல்லை எது என்றால், வாய்க்காலுக்கு மேற்கே இருக்கிற நிலம். இரண்டு திசையும் ஒரே வரியில் இருப்பதால் குழப்பத்துக்கு வழியில்லை. அங்கேயும் கிழக்கில் தொடங்கி, தெற்கு, மேற்கு, வடக்கு என்று கோயில் பிரகாரம் சுற்றுகிற மாதிரி வலமாகத்தான் எல்லையைச் சுற்றி வருவார்கள். காலப்போக்கில் பத்திரங்களில் ‘கீழ்பாற்கெல்லை’ போன்ற முன்பகுதி உதிர்ந்துவிட்டது, பின்பகுதி மட்டும் நின்றுவிட்டது.

பத்திரத்தில் இன்னும் இரண்டு சொற்கள் கண்ணில் படும், கிழமேல், தென்வடல். கிழமேல் ஜாதியடி 40 என்றால் கிழக்கு மேற்காக 40 அடி. தென்வடல் 60 என்றால் தெற்கு வடக்காக 60 அடி. பேச்சில் வழக்கொழிந்துபோன இந்தக் கிழமேல் பத்திரத் தாள்களில் இன்னும் உயிரோடு இருப்பதில் எனக்குத் தனி சந்தோஷம்.

ஒரு எச்சரிக்கை. திசை பார்க்கிறேன் என்று சூரியன் உதிக்கிற இடத்தை நேர்க்கிழக்கு என்று எடுத்துக்கொண்டு வேலி போடாதீர்கள். மார்ச் 21, செப்டம்பர் 23ஐ ஒட்டிய நாட்களில்தான் அது நேர்க்கிழக்கில் உதிக்கும். மார்கழியில் தெற்கே நன்றாகத் தள்ளி உதிக்கும், ஆனியில் வடக்கே தள்ளி உதிக்கும், இரண்டு பக்கமும் கிட்டத்தட்ட 24 பாகை வரை விலகும். நில அளவையரைக் கூப்பிட்டு, புல வரைபடத்தையும் பத்திரத்தையும் பக்கத்தில் வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள். அவர் வருகிற அன்று பக்கத்து நிலத்துக்காரரையும் கூப்பிடுங்கள். அவர் பத்திரத்தில் உங்கள் தாத்தா பெயரைப் போட்டு, ‘நிலத்துக்கு வடக்கு’ என்றோ ‘நிலத்துக்குத் தெற்கு’ என்றோ எழுதியிருக்கும். இரண்டு பத்திரமும் ஒன்றுக்கொன்று சாட்சி சொல்லும்.